அணி கலைந்தால் நல்லது

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையின் மடியில் கண்கள் பொடியாக இருக்கும், நெத்தலிகூடத் தப்ப முடியாது. ஆனால் இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும் கைகளில் கண்கள் பெரியவை. சூடை மீன் நினைத்தால் ஒரு வாலடியில் நுழைந்து வெளியே போய்விடலாம். போவதில்லை. பக்கத்தில் ஏதோ அசைகிறது என்று கண்டதும் மீன்கள் ஒன்றோடொன்று நெருங்கி, நடுவுக்கு ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் தாங்களாகவே மடிக்குள் போய்ச் சேர்கின்றன.

பயந்தால் நெருங்கு என்பது சின்ன மீன்களின் உடம்பில் ஊறிய பழக்கம். பாரை மீன் துரத்தும்போது அது உயிரைக் காக்கும். வலை போன்ற ஒன்று வரும் என்று அந்தப் பழக்கத்துக்குத் தெரியாது.

அதே பழக்கத்தை என் வீட்டு மேசையில் 27 லீற்றர் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு 30 சென்ரிமீற்றர் உள்ள கண்ணாடிப் பெட்டி. உள்ளே செடி, இலைச்சருகு, ஒரு மரக்கட்டை, கொஞ்சம் சிலி ரஸ்போரா மீன்கள். அறிவியல் பெயர் பொராரஸ் பிரிகிட்டே. போர்னியோத் தீவின் கருந்தண்ணீர்ச் சதுப்புகளைச் சேர்ந்த இனம், 1978 இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. வளர்ந்த மீனே பொதுவாக 2 சென்ரிமீற்றரைத் தாண்டாது. சிவப்பு உடம்பில் பேனையால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

முதலில் எட்டு வாங்கினேன். பெட்டிக்குள் விட்டதும் எட்டும் ஒரே பந்தாகச் சேர்ந்து, ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பி, என்ன வடிவு! வந்தவர் போனவர் எல்லோரும் பார்த்து மெச்சினார்கள். எனக்கும் பெருமைதான். அவை பயத்தில் விறைத்துப்போய் நிற்கின்றன என்பது விளங்கப் பல நாட்கள் எடுத்தது.

மீன்கள் சேர்ந்திருப்பதில் இரண்டு வகை உண்டு. பக்கம் பக்கமாக இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் தன் வேலையைப் பார்ப்பது கூட்டம். எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், இடைவெளி பிசகாமல் நீந்துவது அணி. சந்தையில் நிற்கும் சனத்துக்கும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அணிநடைக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல குட்டி மீன்கள் கூட்டமாக வாழும், ஆபத்து வந்தால் அணியாகும்.

அணிக்குத் தலைவர் கிடையாது. 1987 இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கணினி வரைகலை நிபுணர் திரையில் பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட மூன்றே மூன்று விதிகள் வைத்தார். பக்கத்தில் இருப்பவரை இடிக்காதே, அவர் போகும் திசையில் போ, அவர்களை விட்டு அதிகம் விலகாதே. அவ்வளவுதான். யாரும் கட்டளை இடாமலே திரையில் கூட்டம் வளைந்து நெளிந்து பறந்தது. மீன் அணியின் அடிப்படையும் ஏறத்தாழ இப்படித்தான்: ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ள சிலவற்றை மட்டும் கவனிக்கிறது, மிச்சம் தானாக அமைகிறது.

கவனிப்பது எதனால்? கண்ணால் என்பது வெளிப்படை. அந்தக் கறுப்புக் கோடு சும்மா அலங்காரமாக இராது, பக்கத்து மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்ட அதைவிட நல்ல அடையாளம் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் கண் மட்டுமல்ல. 1976 இல் வந்த ஒரு ஆய்வில் கடல் மீன்களின் கண்களைத் தற்காலிகமாக மூடிவிட்டு அணியோடு விட்டார்கள். கண் மூடிய மீனும் அணி பிசகாமல் நீந்தியது. மீனின் பக்கவாட்டில் பக்கக்கோடு என்றொரு புலன் இருக்கிறது. அதில் உள்ள மயிர்க்கலங்கள் தண்ணீரின் சின்ன அசைவைக்கூட உணரும். நமது உட்காதில் இருப்பவையும் அதே வகைக் கலங்கள்தான். பக்கத்து மீன் வாலை ஆட்டினால் அந்தத் தள்ளல் உடம்பில் படும். தூரம்தான் குறைவு, ஒன்றிரண்டு உடல் நீளத்துக்குள் மட்டும். என் மீனுக்கு அது 3 சென்ரிமீற்றர்.

வடிகட்டியை இங்கேதான் யோசிக்க வேண்டும். பெரிய தொட்டிக்குச் செய்த மோட்டார் ஒன்றை முதலில் போட்டேன். அது துப்பும் தண்ணீர் இந்தப் பொடிசுகளுக்கு ஓயாத புயல். பக்கத்து மீனின் வாலசைவு அந்த இரைச்சலில் எப்படிக் கேட்கும்? இப்போது காற்றுக் குமிழியில் ஓடும் பஞ்சு வடிகட்டி. மலிவு, சத்தமும் குறைவு.

சேர்ந்திருப்பதால் என்ன லாபம் என்ற கேள்விக்கு 1971 இல் டபிள்யூ. டி. ஹமில்டன் என்ற உயிரியலாளர் சொன்ன பதில் கொஞ்சம் கசப்பானது. ஒவ்வொரு மீனும் தனக்கும் எதிரிக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கட்டும் என்று பார்க்கிறது. எல்லோரும் அப்படிச் செய்தால் கூட்டம் இறுகும். ஒற்றுமை மாதிரித் தெரிவது உண்மையில் சுயநலம். இதோடு இன்னும் இரண்டு காரணங்களும் உண்டு. ஒரே மாதிரிப் பல மீன்கள் சேர்ந்து அசைந்தால் துரத்துபவனுக்கு ஒன்றைக் குறிவைக்க முடியாது. அப்புறம், பல கண்கள் காவல் காத்தால் ஒருவர் காவலுக்குச் செலவிடும் நேரம் குறையும், சாப்பிட நேரம் கிடைக்கும்.

ஐந்தாறு மீன் மட்டும் இருக்கும் தொட்டியில் அவை எப்போதும் ஒடுங்கி நிற்பது இந்தக் கடைசிக் காரணத்தால்தான். காவலுக்கு ஆள் காணாது. என்னிடம் எட்டு ஐந்தாகிப் போனது. ஏன் என்று இனிச் சொல்கிறேன்.

மீன் தன் கழிவை அமோனியாவாகப் பெரும்பாலும் பூ (மூச்சு விடும் செவுள்) வழியாகவே விடுகிறது. அமோனியா நஞ்சு. ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், இரத்தத்தை ஒட்சிசன் சுமக்க விடாது. நைத்திரோஸ்பைரா போன்ற இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும், அது பெரிதாகத் தொந்தரவு தராது. இந்த பக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிடப் பஞ்சிலும் மணலிலும் இலையிலும் ஒட்டி வாழ்பவை. மெதுவாகப் பெருகும். புதுத் தொட்டியில் போதிய அளவு சேர நாலு முதல் ஆறு கிழமை செல்லும். நான் மூன்றாம் நாளே மீனை விட்டேன். விற்றவர் "ஒண்டும் செய்யாது அண்ணே, விடுங்கோ" என்றார், நானும் கேட்க விரும்பியதைத்தான் கேட்டேன். ஒரு கிழமைக்குள் மூன்று போய்விட்டன.

அதில் எங்கள் ஊர்த் தண்ணீருக்கும் பங்கு உண்டு. அமோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும்: பூவுக்குள் எளிதில் நுழையும் அமோனியா, அவ்வளவாக நுழையாத அமோனியம். எது எவ்வளவு என்பதை பீஎச்சும் (தண்ணீரின் புளிப்பைக் காட்டும் அளவு, 7 நடு, அதற்குக் கீழே புளிப்பு) வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 பாகையில் பீஎச் 7 என்றால் நூறில் ஒரு பங்குகூட நச்சு உருவில் இராது. அதே தண்ணீர் பீஎச் 8 என்றால் நூறில் ஏழெட்டுப் பங்கு. கடற்கரை மணலில் தோண்டிய எங்கள் கிணறுகளில் சிப்பிச் சுண்ணாம்பு கரைந்திருக்கும், கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரின் பீஎச் மேலேதான் நிற்கும். போர்னியோவின் கருந்தண்ணீரோ புளித்தது, உப்புக் கரைசல் மிகக் குறைந்தது.

சரி, குழாய்த் தண்ணீர்? குளோரீன் மணம் போக ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். திறந்து என்றால் மேலே மெல்லிய வலைத்துணி கட்டி. இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் மீனுக்கு என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி வெக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் என் அறையில் தொட்டித் தண்ணீர் 32 பாகைக்கு ஏறும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்க நமக்குச் சுகம்தான், மீனுக்கு அப்படியில்லை. 25 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் 7.5 தான். தண்ணீரில் ஒட்சிசன் குறையும் அதே நேரத்தில் சூட்டால் மீனின் உடம்பு வேகமாக ஓடி, கூடுதல் ஒட்சிசன் கேட்கும். இரண்டு பக்கத்தாலும் நெருக்கடி. பெரிய தொட்டி மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். சின்னப் பெட்டிக்கு அந்தப் பொறுமை இல்லை, மத்தியானம் ஒரு வெப்பம், விடியற்காலை இன்னொன்று.

இதற்கு மண்பானை வைத்தியம். தண்ணீர் மட்டத்துக்கு மேலாக ஒரு சின்ன மின்விசிறியை வைத்தால் ஆவியாதல் கூடும். ஆவியாகும் தண்ணீர் போகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும். எவ்வளவு? தொட்டியில் நூறில் ஒரு பங்கு ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம், மிச்சத் தண்ணீரை 6 பாகை அளவு குளிர வைக்கப் போதும். சுற்றிலுமுள்ள காற்று திரும்பவும் சூடேற்றிக்கொண்டே இருப்பதால் என் தொட்டியில் இறங்குவது இரண்டு மூன்று பாகைதான். அது போதும்.

இந்த வைத்தியத்துக்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது, அதை நான் பட்டுத்தான் அறிந்தேன். விசிறி ஓடும்போது மட்டம் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் இறங்கும். 30 க்கு 30 பரப்பில் அது 450 மில்லிலீற்றர். 60 நாளில் 27 லீற்றர், அதாவது முழுத்தொட்டி. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, சுண்ணாம்பும் உப்பும் உள்ளேயே நிற்கும். குறைந்ததைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதத்தில் கரைசல் இரட்டிப்பாகியிருக்க வேண்டும். மீன்கள் சிவப்பு மங்கி, சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டன. இப்போது வாடை மழையில் கூரைத் தண்ணீரைப் பிடித்து (முதல் மழையை ஓடவிட்டுத்தான்) கலன்களில் மூடி வைக்கிறேன். ஆவியான அளவுக்கு மழைத்தண்ணீர் மட்டும். கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது மழைத்தண்ணீரோடு கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர்.

இவ்வளவும் செய்தும் மீன்கள் பந்தாகத்தான் நின்றன. அதை மாற்றியவை செடிகள்.

வெறும் கண்ணாடிப் பெட்டியில் ஒளிய இடமில்லாத மீனுக்கு மிச்சமிருக்கும் மறைவு இன்னொரு மீன்தான். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் நிழல் தந்தால், கீழே இலைக்காடு இருந்தால், ஓடி ஒளிய இடம் உண்டு என்று தெரிந்தால், வெளியே வரும் துணிவும் வரும். மறைவிடம் கூடினால் மீன் கண்ணில் படாது என்று பயந்துதான் செடியைக் குறைத்து வைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு.

செடிக்குத் தூரம் போக வேண்டியதில்லை. உலகம் முழுக்க மீன்தொட்டிகளில் வளரும் கிரிப்டோகொரைன் வெண்ட்டி இலங்கைக்கே உரிய செடி. அதன் தங்கச்சி மாதிரி, விரல் உயரம் மட்டுமே வளரும் கிரிப்டோகொரைன் பர்வாவும் அப்படியே. இரண்டுக்கும் கடும் வெளிச்சம் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: இடம் மாற்றி நட்டதும் இலையெல்லாம் அவித்த கீரை மாதிரிக் குழைந்துபோகும். நான் பிடுங்கி எறியப் பார்த்தேன். வேர் உயிரோடுதான் இருந்தது, மூன்று கிழமையில் புதுத் தளிர் வந்தது.

செடி நிழல் மட்டும் தருவதில்லை. அமோனியத்தை நேரடியாக உறிஞ்சி உண்ணும், நைத்திரேற்றைவிட அதுதான் பல நீர்ச்செடிகளுக்கு விருப்பம். பக்டீரியாவுக்கு ஒட்டிக்கொள்ள இடம் தரும். பகலில் ஒட்சிசன் விடும். இரவில் ஒட்சிசன் எடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது, செடி அடர்ந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். காற்றுக்குழாயை இரவில் நிறுத்தாதீர்கள்.

சருகுக்கு வாதுமை இலை, எங்கள் பக்கத்தில் கொட்டாங்காய் மரம் என்போம். நிழலுக்கு நிற்கும் மரம், பழுத்துச் சிவந்து விழும் இலைகளைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துப் போட்டால் தண்ணீர் வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். அதிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளும் கரிமச் சேர்மங்களும் பீஎச்சைச் சற்று இறக்கும், கிணற்றுத் தண்ணீர் கூடினால் அந்த விளைவு தெரியாது. மக்கும் இலைமேல் படரும் நுண்ணுயிர்களை மீன்கள் நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். சாப்பாட்டுக்கு மேலே பொடித்த தூள் ஒரு சிட்டிகை, அல்லது அன்று முட்டையிலிருந்து வெளிவந்த ஆட்டிமியா என்ற பொடி இறால் வகைக் குஞ்சு. வாய் அவ்வளவு சின்னது.

செடி ஏறிய பிறகு இன்னும் ஒன்பது மீன் சேர்த்துப் பதினாலாக்கினேன். ஒரு மாதம் போக, பந்து உடைந்தது. ஒன்று சருகின் கீழ், இரண்டு பாசிக்குள், நாலைந்து நடுவில் சும்மா. ஆண்கள் இரண்டு எதிரும் புதிருமாக நின்று செட்டையை விரித்து இரத்தச் சிவப்பில் மினுங்கின.

அக்காவின் மகன் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தான்.

"மாமா, முந்தி எவ்வளவு வடிவா ஒண்டாப் போச்சுதுகள். இப்ப என்ன, எல்லாம் கோவமா?"

"பயம் போயிட்டுது, அதுதான்" என்றேன். நம்பவில்லை. விரலால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினான். பதினாலும் நொடியில் ஒன்றாகி, ஒரே பக்கம் திரும்பி, சருகின் பின்னால் விறைத்து நின்றன. முன்பென்றால் அரைநாள் அப்படியே நின்றிருக்கும். அவனுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒன்று விலகி, பாசியில் எதையோ கொத்தப் போனது.