இசைவுத் தெறிபரப்பு: சொல் விளக்கம்

6ஜி எனும் அடுத்த தலைமுறைக் கைபேசி வலையமைப்பு பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் பெயர் 'இன்டெலிஜென்ட் ரிஃப்லெக்டிங் சர்ஃபேஸ்', சுருக்கமாக ஐஆர்எஸ். சுவரில் பதிக்கக்கூடிய தட்டையான பலகை இது. நூற்றுக்கணக்கான சிறு கூறுகள் இதில் வரிசையாக இருக்கும். வந்து மோதும் ரேடியோ அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, ஒவ்வொரு கூறும் வேண்டிய அளவு மாற்றித் திருப்பிவிடும். அந்த அலைகளெல்லாம் பெறுநரிடம் (கைபேசி போன்ற கருவியிடம்) ஒரே கட்டத்தில் போய்ச் சேர்ந்தால் சைகை வலுக்கும்.

'ரிஃப்லெக்ட்' லத்தீனிலிருந்து வந்தது: 'ரெ' என்றால் பின்னோக்கி, 'ஃப்லெக்டெரே' என்றால் வளைத்தல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை 'எதிரொளிப்பு' என்கின்றன. கண்ணாடிக்குச் சரி, ரேடியோவுக்கு அந்த 'ஒளி' இடிக்கிறது. இலங்கைப் பாடநூல்களின் 'தெறிப்பு' எந்த அலைக்கும் பொருந்தும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அப்புறம் 'இன்டெலிஜென்ட்'. பலகை எதையும் சிந்திப்பதில்லை, கட்டுப்படுத்தி சொல்லும் கட்டத்துக்கு இசைகிறது, அவ்வளவுதான். அதனால் 'அறிவு' வேண்டாம். 'இசைவுத் தெறிபரப்பு' போதும்.

இதன் பயனை இரண்டு அளவுகளால் மதிப்பிடுகிறார்கள். ஒரு ஜூல் ஆற்றலுக்கு எத்தனை பிட் போய்ச் சேர்கிறது என்பது ஆற்றல் பயனுறுதி. ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு நொடிக்கு எத்தனை பிட் என்பது அலைக்கற்றைப் பயனுறுதி. இங்கே 'ஸ்பெக்ட்ரம்' என்பதற்கு 'நிறமாலை' என்று எழுதுவது பொருந்தாது, ரேடியோவில் நிறம் ஏது?

கூறுகளை இரட்டித்தால், பலகை வழியே வரும் அலையின் வீச்சும் (அலையின் உயரம்) இரு மடங்காகும். சைகையின் திறன் (பவர்) வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இழப்பில்லாத நிலையில் அது நான்கு மடங்கு. பெருக்கி கிடையாது, சைகை அனுப்பும் கைபேசிக் கோபுரமும் கூடுதல் மின்சாரம் எடுக்காது. ஆற்றல் பயனுறுதி உயர்வது இதனால்தான். ஆனால் அலைக்கற்றைப் பயனுறுதி அதே வேகத்தில் ஏறாது. தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1948இல் தந்த சூத்திரப்படி அது மடக்கை முறையில்தான் வளரும். ஏற்கெனவே வலுவான சைகை நான்கு மடங்கானால், ஹெர்ட்ஸுக்கு நொடிக்குச் சுமார் 2 பிட்தான் கூடும். மிக நலிந்த சைகை என்றால் கதையே வேறு: தரவு வேகமும் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிவிடும். அதனால் சைகை எட்டாத மூலைகளுக்குத்தான் இந்தப் பலகை உண்மையில் தேவை.

செலவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டுப்பாட்டுச் சுற்றுக்குச் சிறிது மின்சாரம் வேண்டும். ஒவ்வொரு கூறின் வழியேயும் அலை எப்படி வந்து சேர்கிறது என்ற தடத்தை அளக்க நேரம் போகும். அந்த நேரத்தில் தரவு அனுப்ப இயலாது. கோபுரத்திலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து பெறுநருக்கும் ஆகும் இரண்டு இழப்புகளும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. ஆகவே பலகையைக் கோபுரத்தின் அருகிலோ பெறுநரின் அருகிலோ வைக்க வேண்டும். நட்டநடுவில் வைத்தால் பலன் மிகக் குறைவு.