எதிர்ப்பு அணுக்கள் இருந்தும் தோல் புற்று ஏன் வளர்கிறது?

"எதிர்ப்பு சக்தி இல்லாததாலதான் வந்துச்சா டாக்டர்? என்ன குடிச்சா ஏறும்?" தோல் புற்றுநோய் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு சென்னையில் கபசுரக் குடிநீர் காய்ச்சாத வீடு ஏது? நான் பயாப்சி, அதாவது உடலிலிருந்து வெட்டியெடுத்த துண்டை, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட். எதிர்ப்பு அணுக்கள் வராமலா இருக்கின்றன? பல ஸ்லைடுகளில் கூட்டமாகவே நிற்கின்றன.

தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் பிறக்கும் மெலனோமாவை எடுத்துக்கொள்வோம். மைக்ராஸ்கோப்பில் புற்றணுக்கள் பெரிதாக, பெரும்பாலும் பழுப்பு நிறமியோடு தெரியும். அவற்றைச் சுற்றிக் கடுகு தாளித்துக் கொட்டியதுபோலக் கருநீலப் புள்ளிகள். அவைதான் லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்பு அணுக்கள். கட்டியின் அடிப்பகுதி நெடுகப் புகுந்திருந்தால் ரிப்போர்ட்டில் 'பிரிஸ்க்' என்று எழுதுவோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் 'நான்-பிரிஸ்க்'. முதல் வகை பொதுவாக நல்ல அறிகுறி. ஆனாலும் கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, இத்தனை அணுக்கள் வந்தும் கட்டி ஏன் அழியவில்லை? லிம்போசைட்டுகளில் ஒரு வகையான கொல்லும் டி அணு, புற்றணுவை அடையாளம் கண்டதும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கிறது. அது பட்டதும் புற்றணு தன் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தைக் கூட்டிக்கொள்கிறது. டி அணுவின் மேலிருக்கும் பிடி-1 அதோடு பொருந்தினால், டி அணு அடங்கிவிடும். அதாவது தாக்கப் போனதே தடையையும் வரவழைக்கிறது. சண்டை முற்றி நம் உடலையே பதம் பார்த்துவிடாமல் இருக்க இயற்கை வைத்த ஏற்பாடு இது. புற்று அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, கழிவை விழுங்க வேண்டிய மேக்ரோஃபேஜ்கள் பல கட்டிகளில் கட்சி மாறி, புது ரத்தக் குழாய்கள் வளர உதவுகின்றன.

இந்தத் தடையைக் கஷாயம் எடுக்காது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற ஊசிகள் பிடி-1ஐ மறித்து அதை விலக்குகின்றன. இவற்றுக்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். எல்லோருக்கும் பலிக்காது, தைராய்டு, குடல், நுரையீரல் பாதிக்கப்படலாம். சிலருக்கு உடம்பில் வெண்புள்ளி வரும். விழித்தெழுந்த டி அணுக்கள் நல்ல நிற அணுக்களையும் தாக்குவதன் விளைவு அது. மெலனோமாக்காரர்களில் வெண்புள்ளி வந்தவர்களுக்கு மருந்து பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. பயந்துபோய் நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் ஊரில் மெலனோமா குறைவுதான். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில் வருகிறது. இதற்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைத் தோலில் வெயிலால் வரும் மெலனோமாவைவிட இதில் மரபணு மாற்றங்கள் குறைவு. அதனால் டி அணு அடையாளம் காண அந்நியமானது குறைவாகவே கிடைக்கிறது. அந்த ஊசிகளும் இதில் அவ்வளவாக எடுபடுவதில்லை. அப்புறம் நமக்கு மிஞ்சுவது சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான். அங்கேதான் கோட்டை விடுகிறோம். கால் ஆணி என்று மெடிக்கல் ஷாப்பில் பிளாஸ்டர் வாங்கி மாதக்கணக்கில் ஒட்டுவார்கள். சுகர் உள்ளவர் என்றால் ஆறாத புண்ணுக்கெல்லாம் சுகரே காரணம் என்று விட்டுவிடுவார்கள்.

உள்ளங்காலில் பெரிதாகிக்கொண்டே போகும் கரும்புள்ளி, நகத்தில் அகலமாகும் கறுப்புக் கோடு, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவுவது, வாரக்கணக்கில் ஆறாத புண்: இவற்றில் எது இருந்தாலும் தோல் டாக்டரைப் பாருங்கள். ஆணியோ மருவோ வெட்டி எடுத்தால், அந்தத் துண்டைக் குப்பையில் போட விடாதீர்கள். "இதை பயாப்சிக்கு அனுப்புறீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். துண்டை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் ஊற்றிய டப்பாவில்தான் அனுப்ப வேண்டும். தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்தால் அணுக்கள் உருக்குலைந்துவிடும். அதை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது.