டிரை ஃபிளை: உலர்ந்த ஈயா, மிதக்கும் ஈயா?

தூண்டில் மீன்பிடிப்பில் வழங்கும் 'டிரை ஃபிளை' என்ற ஆங்கிலச் சொல்லை 'உலர் ஈ' என்று பெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் உலர் திராட்சை என்று பழகிய காதுக்கு, உலர் ஈ என்றால் வெயிலில் காய்ந்துபோன ஈதான். சொல்லின் பொருள் அதுவல்ல.

தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, மென்மயிர் ஆகியவற்றைக் கட்டிப் பூச்சி போலத் தோன்றச் செய்யும் பொய்யிரை இது. நீரில் அமிழாமல் மேற்பரப்பிலேயே நின்று, ஓட்டத்தோடு மிதந்து வரும். பூச்சி பிடிக்க மேலே எழும்பும் டிரௌட் போன்ற மீன்களுக்கானது. மூழ்கிப்போகும் வகைக்கு 'வெட் ஃபிளை' என்று பெயர்.

'ஃபிளை' என்பதில் சிக்கல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது சிறகுள்ள பூச்சி எதையும் குறித்தது. நம்முடைய 'ஈ'யும் வீட்டு ஈயோடு நிற்பதில்லை, தேனீயும் ஈதானே.

சிக்கல் 'டிரை'யில்தான் இருக்கிறது. வீசிக்கொண்டே இருந்தால் பொய்யிரை நீர் குடித்துக் கனத்துவிடும். அப்போது அதைக் கழற்றிவிட்டு நனையாத ஒன்றை மாட்டுவார்கள், அல்லது தூண்டில் கயிற்றைக் காற்றில் நாலைந்து முறை வீசி ஈரத்தை உதறுவார்கள். அப்படி வந்த பெயர் இது. ஆகவே 'டிரை' என்பது இங்கே காய்ந்தது அல்ல, நனையாதது. 19-ஆம் நூற்றாண்டில் தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், டெஸ்ட், இட்சன் போன்ற தெளிந்த ஆறுகளில் இந்தக் கலை முதிர்ந்தது. அதை முறைப்படுத்தி எழுதியவர் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட். 1886-இல் வெளியான தம் முதல் நூலின் தலைப்பில் அவர் 'மிதக்கும் ஈக்கள்' என்றே எழுதினார். 1889-இல் வந்த அடுத்த நூலின் தலைப்பில்தான் 'டிரை ஃபிளை' ஏறியது.

அந்த முதல் தலைப்புதான் தமிழுக்கு வழிகாட்டி என்று நினைக்கிறேன். பொய்க்கால், பொய்முகம் என்று சொல்கிறோம். அதே வழியில் பொய்யீ. டிரை ஃபிளை மிதக்கும் பொய்யீ, வெட் ஃபிளை மூழ்கும் பொய்யீ. 'மிதவை ஈ' என்றும் சொல்லலாம்தான், ஆனால் தூண்டில்காரர்களிடம் மிதவை என்றால் தக்கை. குழப்பம் வரும்.

சரி, இதைச் செய்வதை என்னவென்று சொல்வது? ஆங்கிலத்தில் 'கட்டுவது' என்றும் 'உடுத்துவது' என்றும் இரண்டு வழக்கு உண்டு. தமிழுக்குக் கட்டுவதே போதும். பூக் கட்டும் விரல்களுக்குத் தெரிந்த வேலைதான் இதுவும்: நூலைத் தளரவிடாமல், சுற்றின் மேல் சுற்றாக இறுக்குவது.

இதில் உயிரான பகுதி 'ஹேக்கிள்', அதாவது சேவலின் கழுத்திறகு. 'கழுத்துத் தூவி' என்றால் இன்னும் அழகு. தூவியின் தண்டை முள்ளோடு பிணைத்து, நுனியைப் பிடித்துச் சுற்றச் சுற்ற, இழைகள் பிரிந்து நாலாபக்கமும் விறைத்து நிற்கும். அந்த இழைகளின் நுனிகள்தாம் நீரில் ஊன்றிக்கொள்கின்றன. நீரின் பரப்பு இழுவிசை அவற்றைத் தாங்குகிறது. சேவலின் தூவி விறைப்பானது, எளிதில் நீர் குடிக்காது. கோழியின் தூவி மெத்தென்று நனைந்துவிடும், அதனால் அது மூழ்கும் பொய்யீக்குப் போகிறது. இழையின் நீளம் முள்ளின் வாயகலத்தைப் போல, அதாவது முள்ளின் கூர்முனைக்கும் அதன் தண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல, ஒன்றரை மடங்கு இருந்தால் நிமிர்ந்து நிற்கும்.

அப்புறம், கயிறு கோக்கும் துளை. ஆங்கிலத்தில் அது முள்ளின் கண். ஊசிக்குக் காது வைத்த தமிழில் இதுவும் காதுதான். கட்டப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்: தூவியை முன்னால் வரை நெருக்கிச் சுற்றிவிட்டு, முடிச்சுப் போட இடமில்லாமல் காதை நூலாலேயே அடைத்துவிடுவார்கள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டே தூவியை நிறுத்த வேண்டும்.