தண்டுவடக் காயம்: அடிபட்ட விதமும் அதற்குரிய அரசு உதவிகளும்

முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தில் அடிபட்டால், அந்த இடத்துக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் குறைகின்றன அல்லது முற்றிலும் நின்றுவிடுகின்றன. சிறுநீர், மலம் கழிப்பதன் கட்டுப்பாடும் உடன் போகிறது. ஆண்டுதோறும் உலகில் 2.5 லட்சம் முதல் 5 லட்சம் பேர் இந்நிலைக்கு ஆளாகின்றனர் என்றும், பத்து லட்சம் மக்களுக்கு 40 முதல் 80 பேர் என்பதே இதன் விகிதம் என்றும், இவற்றில் 90 விழுக்காடு வரை விபத்து, விழுதல், வன்முறை போன்ற வெளிக்காரணங்களால் நேர்பவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் கணக்கிட்டது. பெண்களைப் போல் குறைந்தது இரு மடங்கு ஆண்கள் பாதிக்கப்படுகின்றனர். இருபதுகளில் உள்ள இளைஞர்களுக்கும் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஆபத்து மிகுதி. அமெரிக்காவில் வாகன விபத்து முதல் காரணமாக இருக்க, இந்திய மருத்துவமனைகளின் ஆய்வுகள் பலவற்றில் உயரத்திலிருந்து விழுவது சாலை விபத்துக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ நிற்கிறது. சாரம், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, மரம், கிணறு ஆகியவை அடிக்கடி வரும் இடங்கள்.

வட சென்னையில் இவை எல்லாமே அன்றாடம் உள்ளவை. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரு சக்கர வாகனங்கள் செல்கின்றன. துறைமுகத்திலும் கிடங்குகளிலும் சுமை ஏற்றி இறக்குவோர் உள்ளனர். காசிமேட்டில் விசைப்படகுகளில் வேலை நடக்கிறது. கட்டட வேலை ஓய்வதே இல்லை. இங்கே குடும்பங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, காயம் ஒன்றே ஆனாலும் அது எப்படி நேர்ந்தது என்பதைப் பொறுத்தே அரசின் எந்த உதவி கிடைக்கும் என்பது அமைகிறது என்பதுதான்.

ஆகவே மருத்துவமனையில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு, அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது, மிக முக்கியமான ஆவணம். ஸ்டான்லியானாலும் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையானாலும், அவசரப் பிரிவில் கேட்கப்படும் "எப்படி அடிபட்டது?" என்ற கேள்விக்கு நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். சாரத்திலிருந்து விழுந்தவரை வீட்டில் விழுந்ததாகச் சொல்லும்படி மேஸ்திரியோ ஒப்பந்ததாரரோ கேட்டால், அதற்கு ஒருபோதும் இணங்கக் கூடாது. செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற வாய்மொழி உறுதிக்காக அந்த ஒரு வரியை மாற்றிவிட்டால், பின்னர் வர வேண்டிய இழப்பீட்டைக் கேட்பது மிகக் கடினமாகிவிடும். அதற்கும் முன்பாக, அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்காமல், கழுத்தும் முதுகும் அசையாதபடி படுத்த நிலையிலேயே 108 ஆம்புலன்ஸில் கொண்டு செல்வது, எஞ்சியிருக்கும் நரம்புகளைக் காப்பாற்றக்கூடும்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். தொடக்கத்தில் இதற்கு 1 லட்சம் ரூபாய் வரம்பு வைக்கப்பட்டது. காப்பீட்டு அட்டை தேவையில்லை; ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்தவருக்கும் இது பொருந்தும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு வழி உண்டு. இழப்பீடு என்பது இவற்றிலிருந்து தனியானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்தில் மனு செய்ய விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்று சட்டம் கூறுகிறது. தண்டுவடக் காயத்தில் முதல் சில மாதங்கள் மருத்துவமனையிலேயே கழிந்துவிடும் என்பதால், வீட்டில் யாராவது ஒருவர் இந்தக் கெடுவைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும். இடித்துவிட்டு நிற்காமல் போன வாகனம் எது என்று தெரியாவிட்டால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். வாழ்நாள் முழுவதும் தொடரும் ஊனத்துக்கு இது மிகக் குறைவான தொகை.

வேலையிடத்தில் அடிபட்டவர் ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பெற்றவரானால் அந்த வழியில்தான் செல்ல வேண்டும்: சிகிச்சை முழுவதும் இலவசம், நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு வரை வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வரும். ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 2025 நவம்பர் வரை 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது; இப்போது அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் உண்டு. உழைப்புத் திறன் முழுவதும் போனதாக மதிப்பிடப்பட்டால், மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படும். கணக்கில் கொள்ளப்படும் ஊதிய உச்சவரம்பு 2020 முதல் 15,000 ரூபாய். 30 வயதுக்குரிய எண் 207.98. எனவே மாதம் 15,000 அல்லது அதற்கு மேல் ஈட்டிய 30 வயதுத் தொழிலாளிக்கு வர வேண்டியது 18,71,820 ரூபாய். ஒரு லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்க யாரேனும் வந்தால், இந்தத் தொகையை நினைவில் கொள்ள வேண்டும். ஒப்பந்ததாரர் ஓடிவிட்டாலும், வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. விபத்து நடந்து 2 ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். மீனவர்களுக்குத் தனியாகக் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. முழு நிரந்தர ஊனத்துக்கு 5 லட்சம் ரூபாய்.

வீட்டு மாடியிலிருந்து விழுந்தவருக்கோ குளியலறையில் வழுக்கிய முதியவருக்கோ மேற்சொன்ன எதுவும் இல்லை. ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்கு உதவும். வருமானம் அதற்கு மேல் இருந்தால் அரசு மருத்துவமனைதான். விழுதல் இவ்வளவு பெரிய காரணமாக இருக்கும் ஊரில், முதல் நாள் சிகிச்சைக்கான சிறப்புத் திட்டங்கள் சாலையோடு நின்றுவிடுவது நியாயமாகப் படவில்லை.

காரணம் எதுவாயினும் எல்லோருக்கும் பொதுவானது மாற்றுத்திறனாளி என்ற முறையில் உள்ள உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தண்டுவடக் காயம் உடலியக்க ஊனத்தில் அடங்கும். மருத்துவச் சான்றுடன் யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்றபின், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், பேட்டரி சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் இவர்களின் ஆயுளைக் குறைப்பவை. ஆகவே வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகப் பெயரைப் பதிந்துகொள்வது நல்லது. கதீட்டர் எனும் சிறுநீர்க் குழாய், டயப்பர், தண்ணீர் மெத்தைக்கான செலவு மாதம் தவறாமல் வருவது; 2,000 ரூபாய் அதற்கே போதாது.

துறைமுகம், ரயில்வே, மின்வாரியம், மாநகராட்சி போன்ற அரசு அமைப்புகளில் பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. பொருத்தமான வேறு பணி இல்லையென்றால், ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி அதே ஊதியத்தில் வைத்திருக்க வேண்டும். விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

விண்ணப்பம் செய்யும் இடத்தில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. 2018 முதல் திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் ஆகியவை சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தவை. மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி மக்கள் திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்துக்கே செல்ல வேண்டும்.