ஓபிஜி எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலன்னா தாடை மூட்டு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல

போன வாரம் முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாவ. பீடி சுத்துற கை. ரெண்டு வருஷமா வாயைத் தொறந்தா வலது காதுகிட்ட கறகறன்னு சத்தம், மெல்லும்போது வலி. காதுக்குச் சொட்டு மருந்து ஊத்தியாச்சு, கடைவாய்ப் பல்லு ரெண்டைப் புடுங்கியாச்சு, கடைசில ஒரு இடத்துல ஓபிஜி, அதான் ரெண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்துல விழுற எக்ஸ்ரே, எடுத்து "எலும்பு நல்லா இருக்கு, பயப்படாதீய"ன்னு அனுப்பிட்டாவ. இந்த மாசம் இவிய மூணாவது ஆளு, பொறுக்கமாட்டாமத்தான் எழுதுதேன்.

ஓபிஜி பல்லுக்கு அருமையான படம், நானே தினமும் எழுதிக் குடுக்கேன். ஆனா மூட்டுல இருக்க அந்த உருண்டை முனை, கான்டைல், அதுல சாய்வா விழும், மண்டை எலும்போட நிழல் மேல ஏறிக்கிடும், முன்பக்கமோ உள்பக்கமோ எலும்பு அரிச்சிருந்தா கண்ணுக்கே படாது, ரொம்பக் கெட்ட பிறகுதான் தெரியும். 2009-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, ஓபிஜிய வச்சு தேய்மானம் உண்டா இல்லையான்னு படம் வாசிக்கிற ரேடியாலஜிஸ்டுகளுக்குள்ளயே ஒத்துப்போகல, சிடி ஸ்கேன் பாத்தப்பதான் நல்லா ஒத்துப்போச்சு. ஓபிஜில தெரியலன்னா தெரியல, அவ்வளவுதான். இல்லன்னு யாரும் எழுதிக் குடுக்காதீய.

அந்த அக்காவுக்கு சிபிசிடி, அதான் பல்லு, தாடைக்குன்னு எடுக்குற சிடி ஸ்கேன், எடுத்தோம், எலும்பு அரிப்பும் இருக்கு, எலும்பு முளையும் இருக்கு. அரிப்பு, எலும்புக்குள்ள குழி, முளை, முனை முழுக்க வெள்ளையா இறுகிப்போறது, இதுல ஒண்ணு இருந்தாலே ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், அதான் மூட்டுத் தேய்மானம், அந்த வகைதான். வெறும் தட்டையா மட்டும் இருந்தா அந்த வகையில சேக்கக்கூடாது, முடிவு சொல்ல முடியாததுன்னு தனி வகை உண்டு. ரிப்போர்ட்ல "லேசா தட்டை"ன்னு பாத்துட்டு அழுதுகிட்டு வாறவியளும் இருக்காவ, அழாதீய. புதுசா படம் வாசிக்க வந்த டாக்டர்களுக்கும் ஒண்ணு சொல்லுதேன், 20 வயசு வரைக்கும் கான்டைல் ஓரத்து வெள்ளைக் கோடு முழுசா வந்திருக்காது, அதை அரிப்புன்னு எழுதிராதீய.

மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி இருக்க டிஸ்க் நகந்திருக்கான்னு பாக்க எம்ஆர்ஐ, எலும்பு பாக்க சிடி. படத்துல கெட்டிருக்க அளவும் வலியோட அளவும் பல பேருக்குப் பொருந்தாது, அதனால படத்தைக் கையில வச்சுக்கிட்டு மூட்டைத் தொட்டுப் பாக்காம முடிவு சொல்லக்கூடாது. கறகற சத்தம் கேட்டா சும்மா விடாதீய, காரணம் தெரியாம பல்லைப் புடுங்கச் சொல்லி நிக்காதீய. வலி இருக்கும்போது பனங்கிழங்கு, கரும்பு ரெண்டையும் கொஞ்ச நாள் தள்ளி வைங்க.

பழைய எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எல்லாத்தையும் தயவுசெஞ்சு பத்திரமா வைங்க, அடுத்த தடவை வரும்போது பையில போட்டுக் கொண்டாங்க, பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் அரிப்பு கூடுதா, அப்படியே நிக்குதான்னு எங்களால சொல்ல முடியும்.