பழைய வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் தளத்தை அண்ணாந்து பாருங்கள்

சென்னையில் கட்டடப் பொறியாளராகப் பணிபுரியும் எனக்கு, முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களிடமிருந்து வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை முன்பணம் கைமாறிய பிறகுதான் வருகின்றன. புதிய அடுக்குமாடி வீட்டின் விலை கைக்கெட்டாமல் போனதால், அரை கிரவுண்டிலோ அதற்கும் குறைவான மனையிலோ முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய சிறிய தனி வீட்டை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நல்ல முடிவுதான். மனை முழுவதும் தம் பெயரில் இருக்கும் என்பது சிறிய பலன் அன்று. ஆனால் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சுவரைப் பார்க்கிறார்களே தவிர, தலைக்கு மேலுள்ள கான்கிரீட் தளத்தைப் பார்ப்பதில்லை.

கொளத்தூரில் 600 சதுர அடி மனையில் இருந்த ஒரு வீட்டைப் பார்க்க இளம் தம்பதியர் என்னை அழைத்துச் சென்றனர். நல்லவேளையாக, அவர்கள் இன்னும் முன்பணம் கொடுத்திருக்கவில்லை. சுவர்களில் புது வண்ணம். படுக்கையறையில் மட்டும் ஃபால்ஸ் சீலிங். அதில் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தபோது, தளத்தின் அடிப்பூச்சு ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்ந்து, உள்ளிருந்த கம்பிகள் வரிசையாகத் தெரிந்தன. விரலால் தேய்த்ததும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

கான்கிரீட்டில் உள்ள காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கும்போது அந்தக் காரத்தன்மை குறைகிறது. கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. துருப்பிடித்த கம்பி முன்னிருந்ததைவிடப் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மேலே சிமென்ட் பூசி வண்ணம் அடித்தால் துரு நிற்பதில்லை, மறைகிறது, அவ்வளவுதான். சிறு சுத்தியலால் தளத்தின் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்காமல் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை வரும் இடத்தில் பூச்சு தளத்தை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள். சன்ஷேடுகளையும் கழிவறைக்கு மேலுள்ள தளத்தையும் தவறாமல் பாருங்கள்; துரு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

பூச்சில் வலைபோல் ஓடும் மெல்லிய கீறல்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, சுவரின் இருபுறமும் தெரியும் விரிசல் வேறு. அடித்தளம் இறங்கியிருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. தரையிலிருந்து இரண்டு, மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால், சுவரில் ஓதம், அதாவது நிலத்தின் ஈரம், ஏறுகிறது.

தெருவில் நின்று, வீட்டின் தரை சாலையைவிட உயரமா தாழ்வா என்றும் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால், சென்னையின் பல தெருக்களில் பழைய வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. சுரண்டி எடுத்த பிறகே போட வேண்டும் என்று 2021-இல் அரசு உத்தரவிட்டது. ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் இனி தாழப் போவதில்லை. முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறை சென்று பாருங்கள்.

பத்திரங்களை வழக்கறிஞர் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் சிக்கல் ஏதும் இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். பதிவு செய்யாத உயிலோ ஒப்பந்தமோ அதில் வராது. மூலப்பத்திரத்தை அசலாகவே பாருங்கள். உயில் எழுதாமல் தந்தை இறந்திருந்தால் மகள்கள் உட்பட வாரிசுகள் அனைவரின் கையெழுத்தும் தேவை. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். ஆக 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் தனியாக வேண்டும். உங்களால் திரட்ட முடிந்த பணத்தில் இத்தொகையையும் பழுதுச் செலவையும் ஒதுக்கிவிட்டு, மீதமுள்ளதற்குத்தான் விலை பேச வேண்டும்.

கொளத்தூர் வீட்டின் சுவரும் அடித்தளமும் உறுதியாக இருந்தன. தளத்தை இடித்துப் புதிதாகப் போடுவதற்கான மதிப்பீட்டை எழுதிக் கொடுத்தேன். அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்ள உரிமையாளர் இசைந்த பிறகே அவர்கள் கிரைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.