ஒரு கிலோ விராலுக்குப் பின்னால்

மீன் கடையில் மிர்காலும் விராலும் வாங்கினால், வெட்டித் தருபவரிடம் குடலைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் காட்டச் சொல்லுங்கள். மிர்காலின் குடல் மெல்லிசாக, சுருள் சுருளாக வயிற்றை அடைத்துக் கிடக்கும். இழுத்து நீட்டினால் மீனின் நீளத்தைப் போல் பல மடங்கு வரும். அழுத்தினால் கறுப்பாகச் சேறு பிதுங்கும். விரால் வேறு மாதிரி. தடித்த சுவருள்ள இரைப்பை, அதற்கு அப்புறம் மீனின் நீளத்தைவிடக் குட்டையான குடல், அவ்வளவுதான். சில நாள் அந்த இரைப்பைக்குள் பாதி செரித்த கெண்டையோ தவளைக் குஞ்சோ இருக்கும்.

இரண்டும் ஒரே கண்மாயில் பிடிபட்டவையாக இருக்கலாம். ஆனால் ஒன்று சேற்றைத் தின்று வளர்ந்தது, இன்னொன்று சதையைத் தின்று வளர்ந்தது. சேற்றில் மக்கிய இலையும் பாசியும் பாக்டீரியாவும் கலந்திருக்கும். சத்து குறைவு, செரிக்கவும் நேரம் பிடிக்கும். அதனால் நிறையத் தின்று, நெடுநேரம் குடலிலேயே வைத்திருந்து, கிடைப்பதை உறிஞ்ச வேண்டும். மீன் சதைக்கு அந்தப் பாடு வேண்டாம். அமிலம் சுரக்கும் ஒரு இரைப்பை போதும்.

கெண்டை இனத்து மீன்களுக்கு இரைப்பையே கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தாடையில் பல்லும் கிடையாது. பல் இருப்பது தொண்டைக்குள். வீட்டில் பெரிய ரோகுவின் தலையைச் சமைத்தால், செவுளுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைக் கழுவிப் பாருங்கள், வரிசையாகப் பல் ஒட்டியிருக்கும். உள்ளே போவதையெல்லாம் அங்கேதான் அரைக்கின்றன.

வாயைப் பார்த்தாலே மீன் எந்த மட்டத்தில் மேய்கிறது என்று சொல்லிவிடலாம். கட்லாவின் வாய் பெரியது, மேல்நோக்கித் திறக்கும். தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணிய பூச்சிகளைத் தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுக்கும். அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தால், சிவந்த செவுள் இதழ்களுக்கு உள்பக்கம் வெள்ளையாக, சீப்பின் பல் போல நெருக்கமாக நீண்ட முட்கள் தெரியும். தண்ணீர் வெளியே போய்விடும், இரை மட்டும் அதில் தங்கிவிடும். ரோகுவின் உதடு தடித்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பிசிறுகளோடு இருக்கும். அது நடுமட்டத்து மீன். மிதக்கும் பாசியையும், செடித் தண்டிலும் கல்லிலும் படிந்த பாசியையும் அழுகிய இலையையும் தின்னும். மிர்காலின் வாய் முகத்துக்கு அடியில் இருக்கும், அது தரையில்தான் மேயும். சாதாக் கெண்டையும் அடிமட்டம்தான், ஆனால் அதன் வேலை முரட்டுத்தனமானது. சேற்றை வாயால் கிளறி, உள்ளே இருக்கும் புழுக்களைத் தேடும். குளத்துத் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் அதன் கைங்கர்யம் அதில் கொஞ்சம் இருக்கும். அது தேடும் புழுக்களில் சில ரத்தச் சிவப்பாக இருக்கும். கடிக்காத ஒருவகைக் கொசுவின் இளம்பருவம் அது. காற்று குறைந்த சேற்றில் வாழ்வதற்காக அதன் உடம்பில் நம் ரத்தத்தில் உள்ளது போலவே ஹீமோகுளோபின் இருக்கிறது.

சரி, இந்தச் சாப்பாடெல்லாம் எங்கிருந்து வருகிறது? கண்மாய்க்கு யாரும் தீவனம் போடுவதில்லை.

இதற்கு விடை தேடக் கோடையில் போக வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்து மானாவாரிக் கண்மாய்களில் பல, சித்திரை வைகாசியில் வெறும் தரையாகக் கிடக்கும். ஆடு மாடு மேயும், சாணமும் புழுக்கையும் விழும், மழைத்தூறல் பட்டால் புல் முளைக்கும். மீன் இல்லாத அந்த மாதங்களில்தான் அடுத்த பருவத்து மீனுக்கான சாப்பாடு சேர்கிறது. வறண்ட மண்ணுக்குள் இன்னொன்றும் கிடக்கிறது. தண்ணீர் வற்றத் தொடங்கும்போது, நீர்த்தெள்ளு என்னும் சிறு உயிரியும் அதைவிடச் சிறிய சக்கர உயிரிகளும் கெட்டியான ஓடுள்ள முட்டைகளை இட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்த முட்டைகள் வெயிலில் காய்ந்தாலும் கெடுவதில்லை. சில ஏரிகளின் அடி வண்டலில் பல பத்தாண்டுகள் கிடந்த நீர்த்தெள்ளு முட்டைகளைக்கூட ஆய்வாளர்கள் பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்து வரத்துக்காலில் தண்ணீர் வந்ததும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். முதலில் மூழ்கிய புல்லும் சாணமும் அழுகும், பாக்டீரியா பெருகும். அழுகியதிலிருந்து கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்துக்கொண்டு, வெயில் படும் மேல்நீரில் நுண்பாசி பெருகும். தண்ணீர் பச்சையாகும். சில நாட்களில் சக்கர உயிரிகள், ஒன்றிரண்டு வாரத்தில் நீர்த்தெள்ளுகள், அவற்றை ஒட்டிப் பூச்சிகளின் இளம்பருவங்கள். புதுத் தண்ணீர் கலுங்கு தாண்டி ஓடும்போது கெண்டையும் கெளுத்தியும் எதிரேறிப் போய் முட்டையிடுவது ஏன் அந்த நேரத்தில் என்று இப்போது புரியும். குஞ்சு வாய் திறக்கும் நாளில் அதன் வாய்க்குள் போகும் அளவில் இரை இருக்க வேண்டும்.

குஞ்சின் வாயைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீன் வளர்ப்பில் பாதி அங்கேதான் நிற்கிறது. கட்லா, ரோகு போன்றவற்றின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். மஞ்சள்கரு மூன்று நாள்வரை தாங்கும். அது தீர்ந்ததும் குஞ்சு தானே இரை தேட வேண்டும். அப்போது கட்லா, ரோகு, மிர்கால் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது, எல்லாம் சக்கர உயிரிகளையும் சின்ன நீர்த்தெள்ளுகளையும்தான் தின்னும். ரோகு பாசிக்கும் மிர்கால் சேற்றுக்கும் மாறுவது பின்னால், குடல் நீள நீளத்தான். விரால் குஞ்சும் அதே பந்தியில்தான் உட்காருகிறது. செக்கச்செவேல் என்று கொத்தாகத் திரியும் விரால் குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் அடியில் நின்று காவல் காப்பதைக் கண்மாய்க் கரையில் பார்க்கலாம். அந்தக் குஞ்சுகள் முதலில் நீர்த்தெள்ளு, பிறகு பூச்சி, பிறகு மீன் என்று படி ஏறுகின்றன.

இந்தப் பருவத்தில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதும் தலைகீழாகிவிடும். வளர்ந்த மீன் பூச்சியைத் தின்னும், ஆனால் மூன்று நாள் குஞ்சைப் பூச்சி தின்னும். முதுகு கீழாக நீந்தும் பூச்சியும் தட்டானின் இளம்பருவமும் ஒரு நாற்றங்கால் குளத்துக் குஞ்சுகளில் பெரும்பகுதியைக் காலி செய்துவிடும். அதனால் குஞ்சு விடுவதற்கு முன்பு எண்ணெயும் சோப்பும் கலந்து தண்ணீரின் மேல் பரப்புகிறார்கள். மேலே வந்து காற்று வாங்கும் பூச்சிகள் அந்தப் படலத்தில் மூச்சுமுட்டிச் சாகும். செவுளுள்ள தட்டான் பருவத்துக்கு இது அவ்வளவு பலிக்காது, வலை இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி ஒரு கிலோ விரால் உருவாக எவ்வளவு இரை செலவாகிறது என்பதற்கு வருவோம். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் சீடர் பாக் என்ற சின்ன ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்ட்மன், பாசியிலிருந்து மீன்வரை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஆற்றல் மேலே போகிறது என்று கணக்கிட்டார். 1942-இல் அந்தக் கட்டுரை அச்சாவதற்குள் அவர் இறந்துவிட்டார், வயது 26. அவர் தொடங்கிய வழியில் வந்த பொதுக்கணக்கு இது: ஒரு படியில் உள்ளதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படியின் உடம்பாகிறது. மீதி நீந்தவும் மூச்சுவிடவும் செலவாகிறது, அல்லது கழிவாகப் போகிறது. இடத்துக்கு இடம் இந்தப் பங்கு கூடும், குறையும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோ பாசி 100 கிலோ நீர்த்தெள்ளு ஆகும். அது 10 கிலோ சின்னக் கெண்டை ஆகும். அது ஒரு கிலோ விரால் ஆகும். அதே 100 கிலோ நீர்த்தெள்ளைக் கட்லா நேராகத் தின்றால் 10 கிலோ கட்லா. பாசியையே வடிகட்டித் தின்னும் வெள்ளிக்கெண்டையாக இருந்தால் கணக்கு இன்னும் மேலே போகும். ஒரு கண்மாயில் விரால் குறைவாகவே இருப்பதற்கு இதுதான் முதல் காரணம். ருசியில் விராலுக்கு நிகரில்லை என்று நினைப்பவன் நான். ஆனால் ஊருக்கெல்லாம் மலிவாக மீன் வேண்டும் என்றால் சங்கிலி குட்டையாக இருக்க வேண்டும்.

கூட்டுமீன் வளர்ப்பு என்பது இந்தக் கணக்கின் நேரடிப் பயன்பாடுதான். மேல்மட்டத்துக்குக் கட்லா, வெள்ளிக்கெண்டை. நடுவில் ரோகு. அடியில் மிர்கால், சாதாக் கெண்டை. செடிகொடிக்குப் புல்கெண்டை. புல்கெண்டை தின்பதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியே வரும். அந்தக் கழிவு பாசிக்கு உரமாகிறது, மிர்காலுக்கு நேரடிச் சாப்பாடும் ஆகிறது. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் வட இந்திய ஆறுகளின் ஓடும் தண்ணீரில் முட்டையிட்டுப் பழகியவை, தேங்கிய குளத்தில் இனம் பெருக்குவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அவர் குழுவினரும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி இந்த இன மீன்களை முட்டையிட வைத்தார்கள். நம் ஊர்க் குளங்களுக்கு இவை லாரியில் வந்து இறங்குவதற்கு அதுதான் வழி திறந்தது.

ஜிலேபிக் கெண்டைக்கு இந்த உதவியெல்லாம் தேவைப்படவில்லை. ஆப்பிரிக்க மீனான அதை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பாசி, பூச்சி, அழுகல், பிற மீன்களின் முட்டை எதையும் அது விடாது. அதன் இரைப்பையின் அமிலம் மிகக் கடுமையானது. பல மீன்களால் செரிக்க முடியாத நீலப்பச்சைப் பாசியின் செல்சுவரையும் உடைத்துவிடும். வாய்க்குள் முட்டையை அடைகாக்கும் பழக்கம் வேறு. எந்த மட்டத்திலும் யாருக்கும் இடம் விடாமல் பெருகியதில் உள்ளூர்ச் சின்ன மீன்களுக்கு நெருக்கடி வந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

குளம் வைத்திருப்பவர்கள் இந்தச் சங்கிலியின் அடிப்படி எப்படி இருக்கிறது என்று கையாலேயே பார்ப்பார்கள். முழங்கை வரை தண்ணீரில் கையை விட்டு, உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பது. பளிச்சென்று தெரிந்தால் பாசி போதவில்லை, சாணம் இடலாம். பாதிக் கை முங்கும்போதே உள்ளங்கை மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. பகலில் அந்தப் பாசி ஆக்சிஜன் தரும். இரவில் மீனோடும் சேற்றோடும் சேர்ந்து அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. மந்தாரம் போட்ட நாட்களில் இன்னும் மோசம். அந்த நேரத்தில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அன்றைக்குச் சாணமும் தவிடும் நிறுத்திவிட்டு மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். காற்றையே நேராகச் சுவாசிக்கும் விரால் மட்டும் அதைப் பற்றிக் கவலைப்படாது.